நோய் நீங்கியவரின் நடை: மருத்துவ வரலாற்றில் ஒரு நோக்கு

மனித உடலின் நிலைகள் எத்தனை என்பது பண்டை மருத்துவர்களிடையே நெடுங்காலம் நிலவிய ஒரு வாதம். நலம், நோய் என நிலைகள் இரண்டே என்றனர் சிலர். கிரேக்க மருத்துவர் கேலனின் வழிவந்தோரோ முழு நலமும் அல்லாத, முழு நோயும் அல்லாத மூன்றாம் நிலை ஒன்று உண்டு என்றனர். முதுமையால் தளர்ந்தோரையும், நோய் நீங்கித் தேறி வருவோரையும் அந்நிலையில் வைத்தனர். இப்னு ஸீனா இம்மூன்றாம் நிலையைத் தனியாக ஏற்கத் தயங்கினார். எனினும், நோய் நீங்கித் தேறுபவருக்குத் தனியான பராமரிப்பு வேண்டும் என்பதில் அரபு மருத்துவ மரபில் கருத்து வேற்றுமை இருந்ததில்லை. அத்தகையவரை அம்மரபு 'நாகிஹ்' என்னும் சொல்லால் குறித்தது.

இச்சொல் மருத்துவ நூல்களுக்கு முன்பே ஹதீஸில் இடம்பெற்றுள்ளது. அன்ஸாரிப் பெண்மணியான உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் இல்லத்திற்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுடன் சென்றிருந்தார்கள். அங்கே தொங்கிய பேரீச்சங்குலைகளிலிருந்து பெருமானார் உண்ணத் தொடங்க, அலீ அவர்களும் உண்ண முற்பட்டார்கள். அப்போதுதான் நோயிலிருந்து எழுந்திருந்த அலீ அவர்களை, நீர் ஒரு நாகிஹ் அல்லவா என நினைவூட்டிப் பெருமானார் தடுத்தார்கள். பின்னர் அப்பெண்மணி வாற்கோதுமையும் ஸில்க் என்னும் கீரையும் சேர்த்துச் சமைத்ததை, உமக்கு இதுவே ஏற்றது என்று உண்ணச் செய்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் இந்நிகழ்ச்சி காணப்படுகிறது. இப்னுல் கையிம் (ரஹ்) தம் மருத்துவப் பகுதியில் இதை விளக்குகையில், நோய் நீங்கியவரின் உறுப்புகள் பழைய வலிமையை இன்னும் அடையவில்லை என்னும் கருத்தை முன்வைக்கிறார். நோய் போய்விட்டது என்பதாலேயே பராமரிப்பு முடிந்துவிடவில்லை என்பதும், அன்பின் மிகுதியால் அளிப்பதெல்லாம் தேறுபவருக்கு ஏற்றதாகிவிடாது என்பதும் இதிலிருந்து நாம் பெறும் இரு பாடங்கள்.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களைக் குறித்து இன்று பேசுவோருக்கு இவ்விரு பாடங்களும் இன்றியமையாதவை. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கும், இந்தியாவில் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கும் இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிடுகிறது. அவர்களுள் பலர் சிகிச்சை முடிந்து பல்லாண்டுகள் வாழ்வர். அந்த ஆண்டுகளை அவர்கள் எவ்வாறு கழிக்க வேண்டும், அமர்ந்திருந்தா, நடந்தா என்பதே நம் கட்டுரையின் வினா.

ஸரத்தான் என்னும் பெயர்

கிரேக்கர் இந்நோய்க்கு நண்டின் பெயரைச் சூட்டினர். அதை மொழிபெயர்த்த அரபு அறிஞர்களும் 'ஸரத்தான்' எனும் நண்டின் பெயரையே வழங்கினர். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் நாளங்கள் நண்டின் கால்களை ஒத்திருந்தமை இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. நம் தமிழோ மண்ணுக்குள் பரந்து, மேலே முளைத்தெழும் புற்றைக் கொண்டு இந்நோயைக் குறித்தது. உவமை வேறாயினும் அச்சம் ஒன்றே.

இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்கானூன் ஃபித் திப்' நூலில் வீக்கங்களை வகைப்படுத்துகிறார். சிவப்பும் வெப்பமும் வலியும் கொண்ட வெப்ப வீக்கம் ஒரு வகை. கரும்பித்தத்தால் உண்டாவதாகக் கருதப்பட்ட கடினமான ஸரத்தான் மற்றொரு வகை. இன்று நாம் அழற்சி என்று அழைப்பது பெரும்பாலும் அந்த முதல் வகை. இரண்டையும் அவர் தனித்தனியே வைத்துப் பார்த்தார் என்பதை இங்கே நினைவில் இருத்துதல் வேண்டும்.

அவருக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (936–1013) அறுவை மருத்துவத்தின் முன்னோடி. மார்பகம் போன்ற, முற்றிலும் வெட்டி நீக்கத்தக்க இடத்தில் தோன்றிய கட்டி, தொடக்கத்திலும் சிறியதாகவும் இருந்தால் அதை நீக்கலாம் என்றும், முற்றிப் பெருத்துவிட்டதை நெருங்கலாகாது என்றும் அவர் எழுதினார். அவ்வாறு முற்றிய ஒருவரையும் தாம் குணப்படுத்தியதில்லை, பிறர் குணப்படுத்தியதையும் கண்டதில்லை எனப் பதிவுசெய்த அவருடைய நேர்மை, அறிவுத்துறையில் உள்ள அனைவரும் போற்றத்தக்கது.

அதே மருத்துவ மரபு நலத்தைக் காப்பதற்கு ஆறு இன்றியமையாக் காரணிகளை வகுத்தது. காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், உள்ளத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவுகளை வெளியேற்றலும் தேக்கலும் என்பன அவை. யுனானி மருத்துவத்தில் இவை இன்றும் அடிப்படைப் பாடம். உடல்நலப் பேணலில் உடற்பயிற்சியை முதலிலும், உணவை அடுத்தும், உறக்கத்தை அதற்கடுத்தும் வைக்கிறார் இப்னு ஸீனா. 'ரியாளா' என அவர் கூறும் பயிற்சிக்கு அடையாளம், மூச்சு ஆழ்ந்தும் விரைந்தும் வரச்செய்யும் தன்விருப்ப அசைவு என்பதாகும். வலியோர்க்கு மட்டுமன்றி மெலிந்தோர்க்கும் உரிய மென்மையான வகைகளை அவர் கணக்கிடுகிறார். ஊஞ்சலும் படகுப் பயணமும்கூட அவற்றுள் அடங்கும்.

அடையாற்றில் எழுந்த மருத்துவமனை

இனி நம் ஊருக்கு வருவோம். மருந்தின் பெயரைத் தாங்கிய மருந்தீசுவரர் கோயிலால் அறியப்படுவது திருவான்மியூர். அங்கிருந்து வடக்கே சிறு தொலைவில் உள்ள அடையாற்றில்தான் தென்னகத்தின் புற்றுநோய் மருத்துவ வரலாறு திசை திரும்பியது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) தம் இளைய சகோதரியை 1923இல் புற்றுநோய்க்கு இழந்தார். அத்துயரமே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் உறுதியை அவரிடம் விளைவித்தது. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. அன்று அங்கிருந்தவை எளிய குடில்களும் 12 படுக்கைகளுமே. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் அவருடன் இணைந்த டாக்டர் வி. சாந்தாவும் அந்நிறுவனத்தைத் தம் வாழ்வாகவே ஆக்கிக்கொண்டனர். சாந்தா அம்மையார் 2021 சனவரி 19இல் மறையும்வரை அவ்வளாகத்தை விட்டு நீங்கவில்லை.

புற்றுநோய் என்றாலே இறப்பு என மக்கள் கருதிய காலம் அது. ஆகவே அன்றைய மருத்துவத்தின் போராட்டம் உயிரைக் காப்பதாகவே இருந்தது. 1982 முதல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு இந்நகர மக்களின் நோய்க் கணக்கைத் தொகுத்து வருகிறது. தொடக்க ஆண்டுகளில் பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. பின்னர் மார்பகப் புற்றுநோய் அவ்விடத்தைப் பிடித்தது. சிகிச்சை முன்னேற முன்னேற, மீண்டு வீடு திரும்பும் பெண்களின் எண்ணிக்கையும் உயர்ந்தது. நாகிஹ் என்னும் பழைய சொல்லுக்குரிய ஒரு பெருங்கூட்டம் இவ்வாறு நம்மிடையே உருவானது.

ஓய்வின் ஆட்சி

அவர்களுக்கு உலகெங்கும் கூறப்பட்ட அறிவுரை ஓய்வு என்பதே. அதற்கு வலுவான காரணமும் இருந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய முறையில் மார்பகம் மட்டுமன்றி, அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளும் அக்குளின் நிணநீர் முடிச்சுகளும் சேர்த்து அகற்றப்பட்டன. நிணநீர் வடியும் வழி அடைபட்டதால் பலருக்குக் கை வீங்கியது. அவ்வீக்கத்திற்கு அஞ்சி, அந்தக் கையால் எதையும் தூக்காதீர், குழந்தையைக்கூட எடுக்காதீர் என்று அறிவுறுத்தினர். சிறிய அறுவையும் கதிரியக்கமும் சேர்ந்தால் முழு மார்பகத்தை அகற்றுவதற்கு நிகரான பலன் கிட்டும் என்பதை பெர்னார்டு ஃபிஷரின் ஆய்வு 1985இல் நிறுவியது. அறுவை சுருங்கியது, அச்சம் மட்டும் சுருங்கவில்லை.

1996இல் கனடாவின் வான்கூவரில் மருத்துவர் டான் மெக்கன்ஸி அவ்வச்சத்தைச் சோதித்தார். நோயிலிருந்து மீண்ட 24 பெண்களைக் கொண்டு டிராகன் படகு செலுத்தும் குழு ஒன்றை அமைத்தார். கடும் துடுப்புப் பயிற்சிக்குப் பின்னரும் அவர்களுள் எவருக்கும் புதிதாகக் கைவீக்கம் உண்டாகவில்லை. பின்னர் 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே கைவீக்கம் இருந்த 141 பெண்கள் பங்கேற்றனர். மேற்பார்வையுடன் சிறுகச் சிறுக எடை தூக்கியவர்களிடம் வீக்கம் மிகவில்லை என்பதோடு, வீக்கம் தீவிரமடையும் நிகழ்வுகளும் குறைந்தன. நூறாண்டு கால அறிவுரை ஒன்று இவ்வாறு மாறியது.

கொழுப்பும் அழற்சியும்

ஓய்வு தீங்கற்றது என்னும் எண்ணத்தை மற்றொரு துறையும் அசைத்தது. செருமானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ 1863இல், புற்றுக் கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதைக் கண்டு, நாட்பட்ட அழற்சி உள்ள இடங்களில் புற்று தோன்றக்கூடும் எனக் கருதினார். இப்னு ஸீனா தனித்தனியே வைத்த இரு வீக்கங்களுக்கும் இடையே ஒரு தொடர்பு தோன்றியது இங்கேதான். எனினும் அக்கருத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது.

1993இல் துருக்கியில் பிறந்த அறிஞர் கோக்கான் ஹோத்தமிஷ்லிகில் அமெரிக்காவில் தம் குழுவினருடன் ஒரு புதிய உண்மையை வெளிப்படுத்தினார். பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் பொருளைச் சுரக்கிறது என்பதே அது. கொழுப்பு வெறும் சேமிப்புக் கிடங்கு என்ற கருத்து அத்துடன் தகர்ந்தது. 2003இல் பருத்த உடலின் கொழுப்பில் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்கள் திரள்வது தெரிந்தது. மார்பகக் கொழுப்பிலும் இவ்வணுக்கள், மடிந்த கொழுப்பணுவைச் சுற்றிக் கிரீடம்போல் அமர்ந்திருப்பது 2011இல் காட்டப்பட்டது.

இதன் விளைவு இருவகை. முதலாவதாக, அழற்சிப் பொருள்கள் குருதியில் கலந்து, கல்லீரலைச் சி-ரியாக்டிவ் புரதத்தை மிகுதியாகச் சுரக்கச் செய்கின்றன. குருதிப் பரிசோதனையில் சி.ஆர்.பி. என்று எழுதப்படுவது இதுவே. இரண்டாவதாக, அழற்சியுற்ற கொழுப்பில் அரோமட்டேஸ் என்னும் நொதி மிகுகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாகும் முதன்மையான இடம் கொழுப்பு. மார்பகப் புற்றுகளுள் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜனால் வளர்பவை. இச்சுடர் வெளியே சிவப்பாகவும் வலியாகவும் தெரியாது; உள்ளே தணலாகக் கனன்றுகொண்டிருக்கும்.

ஆய்வுகள் காட்டியவை

சிகிச்சைக்குப் பிந்தைய ஆண்டுகளில் 734 பெண்களின் குருதியைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2009இல் வெளிவந்தது. சி.ஆர்.பி. மிகுந்திருந்தோரிடம் இறப்பு விகிதம், குறைந்திருந்தோரைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. அதற்கு முன் 2005இல், நோயுற்ற 2,987 செவிலியரைப் பல்லாண்டுகள் கண்காணித்த ஆய்வு ஒன்று, வாரத்திற்கு 3 முதல் 5 மணி நேரம் இயல்பான வேகத்தில் நடப்பதற்கு ஒப்பான பயிற்சி செய்தவர்களிடம் மிகுந்த நன்மை காணப்பட்டதாகக் கூறியது.

உணவைப் பற்றிய இரு பெரும் ஆய்வுகளை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். 2006இல் வெளியான ஆய்வில் 2,437 பெண்கள் இடம்பெற்றனர். கொழுப்பைக் குறைத்து உண்டவர்களிடம் ஏறத்தாழ 5 ஆண்டுகளில் நோய் திரும்பியது 9.8 விழுக்காடு, ஏனையோரிடம் 12.4 விழுக்காடு. 2007இல் வெளியான ஆய்வில் 3,088 பெண்கள் இடம்பெற்றனர். காய்கனிகளை மிகுதியாக உண்ட பிரிவினருக்கும் மற்றவர்க்கும் வேறுபாடு ஏதும் இல்லை. முதல் ஆய்வின் பெண்கள் சற்று எடை குறைந்தனர். இரண்டாம் ஆய்வின் பெண்கள் குறையவில்லை. வேறுபாட்டுக்கு எடையே காரணமோ என ஆய்வாளர் வினவியது இயல்பே.

2016இல் யேல் பல்கலைக்கழகத்தார் பருத்த உடலுடைய 100 பெண்களிடம் ஆறு மாத காலம் உணவு ஆலோசனையும் உடற்பயிற்சியும் இணைத்துச் சோதித்தனர். நேரில் ஆலோசனை பெற்றோர் தம் எடையில் 6.4 விழுக்காடும், தொலைபேசி வழியே பெற்றோர் 5.4 விழுக்காடும் குறைந்தனர். ஆலோசனை பெற்றோரிடம் சி.ஆர்.பி. ஏறத்தாழ 30 விழுக்காடு குறைய, ஏனையோரிடம் 1 விழுக்காடே குறைந்தது. 2018இல் 20 பெண்களிடம் சிறிதளவு கொழுப்புத் திசுவை எடுத்துச் சோதித்த ஆய்வில், 16 வாரப் பயிற்சிக்குப் பின் அத்திசுவிலேயே அழற்சி தணிந்தது தெரிந்தது. உழைக்கும் தசை, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைத் தானே சுரக்கிறது என்பதை டென்மார்க்கின் பென்டே பெடர்சன் முன்னரே விளக்கியிருந்தார்.

எடை குறைந்தால் அழற்சி தணிகிறது என்பது சோதனையால் தெளிவு. நடப்போர் நெடிது வாழ்கின்றனர் என்பது கண்காணிப்பால் அறியப்பட்டது. வலிமையுடையோர் தாமே மிகுதியாக நடந்திருக்கவும் கூடுமாதலால், அது சோதனைக்கு நிகரான சான்று அன்று. பெருங்குடல் புற்றுநோயில் இக்குறையும் நீங்கியது. 889 நோயாளிகளிடம் நிகழ்ந்து 2025இல் வெளியான சோதனையில், மூன்றாண்டு முறையான பயிற்சி பெற்றோருள் 8 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் 90.3 விழுக்காடு, நலக் குறிப்பேடு மட்டும் பெற்றோருள் 83.2 விழுக்காடு. இது மார்பகப் புற்றைக் குறித்த முடிவு அன்று எனினும், பயிற்சியும் ஒரு மருந்தாகச் சோதிக்கப்பட்டு வென்றது என்னும் வகையில் இது ஒரு மைல்கல்.

பெருமிதத்திற்கும் ஓர் அளவு

இவற்றைப் படிக்கும் நம்மவர் சிலர், இதையெல்லாம் இப்னு ஸீனா அன்றே கூறிவிட்டார் என மேடையேற விரும்பக்கூடும். அது வரலாற்றுக்கு நீதியன்று. கரும்பித்தத்தையே காரணமாகக் கருதிய அவர் கொழுப்பணுவையோ ஈஸ்ட்ரோஜனையோ அறிந்தவரல்லர். அவர் நமக்கு விட்டுச்சென்றது விடை அன்று. வினாவை வைக்கும் முறை. நோய் நீங்கிய பின்னும் ஒருவரைக் கவனி, அவர் உண்பதையும் அசைவதையும் மருத்துவத்தின் பகுதியாகக் கருது என்பதே அது. முற்றிய நோயைக் குணப்படுத்தியதில்லை என எழுதிய ஸஹ்ராவீயின் மரபினர், சான்றுக்கு மேல் ஒரு சொல்லும் கூறலாகாது.

தொழுகையே போதிய உடற்பயிற்சி என்பாரும் உளர். தொழுகையின் நிலைகளில் உடலுக்கும் நன்மை உண்டு என இப்னுல் கையிம் (ரஹ்) குறிப்பிடுவது உண்மையே. ஆயினும் தொழுகை வழிபாடு. அதன் நோக்கம் வேறு. மூச்சு விரைந்து வருமளவு அசைதல் என்னும் ரியாளாவின் அடையாளம் அமைதியாகத் தொழும் தொழுகைக்குப் பொருந்தாது. இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கட்டும்.

நம் இல்லங்களில்

சிகிச்சை முடிந்து வரும் பெண்ணை நம் இல்லங்கள் அன்போடுதான் வரவேற்கின்றன. உட்கார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கின்றனர். உடம்பு தேற வேண்டுமென ஆட்டுக்கால் சூப்பும் நெய்யும் பாலும் முட்டையும் நாள்தோறும் வருகின்றன. சிகிச்சையால் மெலிந்து போனவருக்கு இவை தேவையே. அவர் எடை குறைக்க முயலலாகாது. ஆனால் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது எடை கூடும் பெண்கள் பலர். கீமோதெரபியால் முன்கூட்டியே நிற்கும் மாதவிடாயும், களைப்பால் குறையும் நடமாட்டமும் அதற்குக் காரணங்கள். அவர்களுக்கு அதே விருந்து, அலீ (ரலி) அவர்களிடமிருந்து தடுக்கப்பட்ட பேரீச்சங்குலையே ஆகும்.

நம் நாட்டினருக்குக் கூடுதல் கவனமும் தேவை. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் இயல்பு நம்மிடம் மிகுதியாதலால், உடல் நிறை எண் 23ஐ எட்டினாலே கூடுதல் எடை என்றும், 25ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் இந்திய மருத்துவர்கள் 2009இல் வரையறுத்தனர். தமிழ்நாட்டையும் உள்ளடக்கி 14,227 பேரிடம் நிகழ்ந்து 2014இல் வெளியான ஆய்வில், 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு அற்றோர். ஆண்களைவிடப் பெண்களே இதில் மிகுதி.

2019இல் பன்னாட்டு வல்லுநர் குழு, புற்றுநோயிலிருந்து மீண்டோருக்கு வாரத்தில் மூன்று நாள்கள், நாளொன்றுக்கு 30 நிமிடம் மிதமான பயிற்சியையும், இரண்டு நாள்கள் தசைகளை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைத்தது. இதற்கு விலையுயர்ந்த கூடம் எதுவும் தேவையில்லை. திருவான்மியூர்க் கடற்கரையின் அதிகாலை போதும். வெளியே செல்லத் தயங்குவோருக்கு மொட்டை மாடியும் போதும். மாலையில் பூட்டிக் கிடக்கும் நம் பள்ளிக்கூட வளாகங்களையும் பெண்கள் அரபுக் கல்லூரிகளின் முற்றங்களையும் ஒரு மணி நேரம் பெண்களின் நடைக்குத் திறந்துவிடுவது ஜமாஅத்துகளுக்கு எளிய செயல். பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை அபூதாவூதில் கற்பிக்கும் நாம், பெண்ணின் நடையை நாணத்திற்கு மாறானதாகக் கருத இடமில்லை.

பயிற்சியைத் தொடங்குமுன் சிகிச்சையளித்த மருத்துவரைக் கலந்தறிதல் வேண்டும். கைவீக்கம், எலும்புத் தேய்வு, இதயத் தளர்ச்சி உள்ளோருக்கு இது கட்டாயம். மருத்துவர் எழுதிய மாத்திரைகளுக்கு நடை மாற்று அன்று, துணையே.

இறுதியாக ஒன்று. நன்கு நடந்தவருக்கும் நோய் திரும்பலாம். அமர்ந்திருந்தவருக்குத் திரும்பாமலும் போகலாம். நடை வாய்ப்பைக் கூட்டுகிறதேயன்றி உறுதிமொழி அளிப்பதில்லை. ஆகவே நோய் திரும்பிய பெண்ணிடம், நீ நடக்காததால்தான் வந்தது என்று சொல்வது அறிவும் அன்று, அறமும் அன்று. முயற்சி நம்மிடம், முடிவு இறைவனிடம். அம்முயற்சிக்கு இடமும் நேரமும் துணையும் அளிப்பது குடும்பத்தின் கடமை. அன்புடன் உட்கார வைக்கும் நாம், அதே அன்புடன் உடன் நடப்போமாக.